நச்சு வாயுப் போர்: குளோரின் சொல்லும் கதை

நகராட்சிக் குழாயைத் திறக்கும்போது சில நாட்களில் தண்ணீரில் ஒரு காரமான நெடி வீசும். "இன்று மருந்து கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஊர்ப் பொதுக்கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். இரண்டிலும் வேலை செய்வது ஒரே பொருள்தான். அதுவே குளோரின்.

1774-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஷீலே இவ்வாயுவை முதன்முதலில் தயாரித்தார். 1810-ல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி இதனை ஒரு தனிமம் என்று கண்டு, இதன் வெளிறிய பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். துணி வெளுக்கவும், காகிதம் செய்யவும், சாயப் பொருள்கள் ஆக்கவும் இது பயன்பட்டது. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரில் குடிநீரைத் தூய்மை செய்ய குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தொடங்கினர். அம்முறை உலகெங்கும் பரவியது. காலராவும் டைபாய்டும் தண்ணீர் வழியே பரவுவது குறைந்தது. இதனால் உயிர் பிழைத்தவர்களை எண்ணி முடியாது.

அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, இதே குளோரின் ஒரு போர்க்களத்தில் மனிதர்களைக் கொல்லத் திறந்துவிடப்பட்டது. பொருள் மாறவில்லை; அதன் குணமும் மாறவில்லை. அப்படியானால், ஒரு பொருள் எப்போது ஆயுதமாகிறது? இக்கேள்விக்குச் சரியான விடை காண உலக நாடுகளுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த வரலாற்றைக் காண்போம்.

ஏப்ரல் 22, மாலை 5 மணி

முதல் உலகப்போர் 1914 ஆகஸ்டில் தொடங்கியது. சில மாதங்களிலேயே பெல்ஜியத்திலும் பிரான்சிலும் இரு தரப்புச் சேனைகளும் நீண்ட அகழிகளைத் தோண்டிக்கொண்டு எதிரெதிரே அமர்ந்துவிட்டன. அகழிக்குள் இருப்பவனைத் துப்பாக்கிக் குண்டு தொடாது. வெளியே தலை நீட்டுபவனை இயந்திரத் துப்பாக்கி விடாது. எனவே யாராலும் முன்னேற முடியவில்லை.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தனர். தங்கள் அகழிகளின் முகப்பில், சுமார் 6 கிலோமீட்டர் நீளத்திற்கு, 5,700-க்கும் மேற்பட்ட இரும்புச் சிலிண்டர்களைப் புதைத்தனர். அவற்றுள் சுமார் 150 டன் குளோரின் திரவ நிலையில் அடைக்கப்பட்டிருந்தது. காற்று எதிரியின் பக்கம் வீச வேண்டும். அதுவும் மென்மையாக வீச வேண்டும். அத்தகைய காற்றுக்காக அவர்கள் பல நாட்கள் காத்திருந்தனர்.

1915 ஏப்ரல் 22 மாலை 5 மணிக்கு அக்காற்று வந்தது. சிலிண்டர்களின் வாய்கள் திறக்கப்பட்டன. பசுமஞ்சள் நிறத்தில் ஆளுயர மேகம் ஒன்று தரையோடு தரையாக நகர்ந்து சென்றது. எதிர் அகழிகளில் பிரெஞ்சுப் படையினரும், பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களும் இருந்தனர். மேகம் வருவதை அவர்கள் கண்டனர்; அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே அது மேலே எழாமல் பள்ளங்களைத் தேடி இறங்கும். குண்டுகளிலிருந்து தப்ப மனிதன் தோண்டிய அகழியே இப்போது நச்சு வாயு நிரம்பும் தொட்டியாயிற்று. குளோரின் நீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகும் என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். இந்த வினை சிறிய அளவில் குடிநீரில் நடந்தால் நோய்க்கிருமிகள் மடிகின்றன. நுரையீரலின் ஈரமான சவ்வில் பெரிய அளவில் நடந்தால் சவ்வு புண்ணாகிறது; நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது; காற்று செல்ல இடமின்றி மனிதன் மூச்சுத் திணறி இறக்கிறான்.

தப்பியவர்கள் ஓடினார்கள். படை வரிசையில் பெரிய பிளவு ஏற்பட்டது. ஆனால் தங்கள் சோதனை இவ்வளவு பலிக்கும் என்று ஜெர்மன் தளபதிகளே எதிர்பார்க்கவில்லை. பிளவின் வழியே அனுப்பப் போதிய சேனை அவர்களிடம் தயாராக இல்லை. பக்கத்திலிருந்த கனடாப் படையினர் வந்து இடைவெளியை அடைத்தனர். இரண்டு நாட்கள் கழித்து அவர்கள்மீதும் வாயு விடப்பட்டது. கிடைத்த நீரில், அதுவும் கிடைக்காதபோது சிறுநீரில், துணியை நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு அவர்கள் போரிட்டனர்.

ஏப்ரல் 26 அன்று இந்தியச் சிப்பாய்கள் அடங்கிய லாகூர் டிவிஷன் அதே களத்தில் தாக்குதலில் இறக்கப்பட்டது. அவர்களிடமும் முகமூடிகள் இல்லை. அவர்கள் முன்னேறும்போது ஜெர்மானியர் மீண்டும் குளோரினைத் திறந்தனர். தாமும் வாயுவைச் சுவாசித்த நிலையில், ஜமேதார் மீர் தஸ்த் என்பவர் சிதறிய வீரர்களைத் திரட்டி நின்றார். காயமுற்ற எட்டு அதிகாரிகளைக் குண்டு மழைக்கிடையே பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுவர உதவினார். அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. யாருடைய சண்டைக்கோ கடல் கடந்து சென்ற நம் நாட்டவரும் உலகின் முதல் பெரும் வாயுப் போரில் பலியானார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

உரம் தந்த கை

இத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியல் அறிஞர். பெர்லினில் கெய்சர் வில்ஹெல்ம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவராக இருந்தவர். சிலிண்டர்களைப் புதைத்த இடத்திற்கே சென்று மேற்பார்வையிட்டார்.

ஹேபரின் பெயரை மாணவர்கள் வேறோர் இடத்தில் படித்திருப்பார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஓர் ஊக்கியின் உதவியால் இணைத்து அம்மோனியா செய்யும் முறையைக் கண்டவர் அவரே. 1909-ல் ஆய்வுக்கூடத்தில் அவர் காட்டியதை கார்ல் போஷ் என்ற பொறியியல் அறிஞர் தொழிற்சாலை அளவிற்குப் பெருக்கினார். 1913-ல் ஓப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இம்முறையில் கிடைக்கும் உரத்தைச் சார்ந்துள்ளது என மதிப்பிடப்படுகிறது. நம் வயல்களில் இடும் யூரியாவின் பிறப்பிடமும் இதுதான்.

போர்க் காலத்தில் அதே அம்மோனியா வெடிமருந்திற்கான நைட்ரிக் அமிலமாக மாற்றப்பட்டது. சிலி நாட்டு வெடியுப்பு கடல் வழியே வருவதை எதிரிகள் தடுத்த பின்னரும் ஜெர்மனி நான்கு ஆண்டுகள் போரிட முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாயுவைப் பயன்படுத்தினால் போர் விரைவில் முடியும், அதனால் உயிர்ச்சேதம் குறையும் என்பது ஹேபரின் வாதம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. பவேரிய இளவரசரும் படைத்தலைவருமான ருப்ரெக்ட், இன்று நாம் செய்வதை நாளை எதிரியும் செய்வான், இப்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசுவதால் நட்டம் நமக்கே என்று எச்சரித்தார். அவ்வாறே நடந்தது. ஐந்தே மாதங்களில், 1915 செப்டம்பர் 25 அன்று, பிரான்சின் லூஸ் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் தாங்களும் குளோரினைத் திறந்தனர். சில இடங்களில் காற்று திரும்பி அவர்கள்மீதே வாயுவைக் கொண்டுவந்தது.

ஹேபரின் மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியல் அறிஞரே. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஈப்பர் தாக்குதல் நடந்து பத்து நாட்களில், 1915 மே 2 அன்று, கணவரின் கைத்துப்பாக்கியால் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் வேறு துயரங்களும் இருந்தன. இம்மரணத்திற்கு ஒரே காரணம் கற்பிப்பது முறையன்று. ஹேபர் உடனே கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டுச் சென்றார்.

எல்லா விஞ்ஞானிகளும் ஹேபரைப் போல் இருந்துவிடவில்லை. ஜூரிச் நகரில் பணியாற்றிய ஜெர்மன் வேதியியலார் ஹெர்மன் ஸ்டாடிங்கர், வாயுப் போரை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தாய்நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார் என்று ஹேபர் அவர்மீது சினங்கொண்டார். பின்னாளில் பிளாஸ்டிக் போன்ற பெருமூலக்கூறுகளின் ஆய்வுக்காக ஸ்டாடிங்கருக்கு 1953-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹேபருக்கும் அம்மோனியாவுக்காக 1918ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் ஒரே கல்வியைக் கற்றவர்கள். ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தந்தவர்கள்.

சட்டத்தில் இருந்த ஓட்டை

நச்சு வாயுவைத் தடுக்க அப்போது சட்டமே இல்லையா? இருந்தது. 1899-ல் ஹாலந்தின் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மூச்சை அடைக்கும் வாயுவைப் பரப்புவதையே நோக்கமாகக் கொண்ட எறிகுண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறின. ஜெர்மனியும் அதில் ஒன்று.

ஆனால் அந்த உறுதிமொழி 'எறிகுண்டு' என்ற கருவியைப் பெயர் சொல்லித் தடுத்தது. "நாங்கள் எறியவில்லையே! சிலிண்டரைத் திறந்தோம், காற்று கொண்டு சென்றது" என்பதுபோல் ஜெர்மன் தரப்பில் வாதாடினர். வாயு அடைத்த குண்டுகளை அவர்கள் ஏற்கெனவே 1915 ஜனவரியில் ரஷ்யர்மீது வீசிப் பார்த்திருந்தனர் என்பது வேறு விஷயம். கடுங்குளிரில் அவ்வாயு சரியாகப் பரவவில்லை. கண்ணீர்ப் புகை அடங்கிய சிறு குண்டுகளைப் பிரெஞ்சுக்காரர் 1914-லேயே பயன்படுத்தியிருந்தனர். 1907-ல் செய்த மற்றொரு ஹேக் உடன்படிக்கை நஞ்சையும் நஞ்சூட்டிய ஆயுதங்களையும் பொதுவாகவே தடுத்திருந்தது. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

கருவியைத் தடை செய்தால், மனிதன் வேறு கருவியைக் கண்டுபிடித்துவிடுவான். இது வாயுப் போர் கற்றுத்தந்த முதல் பாடம்.

முகமூடியும் கொட்டாங்கச்சிக் கரியும்

குளோரினுக்கு விரைவில் மாற்று கண்டனர். புகைப்படம் எடுப்பவர்கள் பயன்படுத்தும் 'ஹைப்போ', அதாவது சோடியம் தயோசல்பேட், குளோரினோடு வினைபுரிந்து அதன் நச்சைப் போக்கிவிடும். ஹைப்போக் கரைசலில் நனைத்த துணி முகமூடிகள் சில வாரங்களில் அகழிகளுக்கு வந்து சேர்ந்தன.

பிறகு கரி அடைத்த முகமூடிகள் வந்தன. கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உண்டு. வாயு மூலக்கூறுகள் அத்துளைகளின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். இதனைப் பரப்பு கவர்தல் என்பர். எந்தக் கரி சிறந்தது என்று அமெரிக்கர் ஆராய்ந்தபோது முன்னணியில் நின்றது கொட்டாங்கச்சிக் கரிதான். அது போதாதபோது பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்துத் தருமாறு 1918-ல் அமெரிக்க மக்களிடம் கேட்டனர். இன்றும் தண்ணீர் வடிகட்டிகளில் கொட்டாங்கச்சிக் கரி பயன்படுவதை நாம் அறிவோம்.

முகமூடி வந்ததும் புது நஞ்சு வந்தது. 1915 டிசம்பரில் ஜெர்மானியர் பாஸ்ஜீன் வாயுவைப் பயன்படுத்தினர். கார்பன் மோனாக்சைடும் குளோரினும் சேர்ந்த இதற்கு நிறமில்லை. மக்கிய வைக்கோல் போன்ற வாடை மட்டும் உண்டு. சுவாசித்தவன் முதலில் நலமாகவே இருப்பான். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து விழுவான். முதல் உலகப்போரில் வாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலோர் இதற்கே பலியானவர்கள்.

1917 ஜூலையில், மீண்டும் ஈப்பர் களத்தில், கடுகு வாயு வந்தது. பெயர்தான் வாயு, உண்மையில் இது எளிதில் ஆவியாகாத எண்ணெய் போன்ற திரவம். கடுகு அல்லது பூண்டு போன்ற வாடை உடையதால் இப்பெயர். இதற்கு முகமூடி மட்டும் போதாது. உடையின் வழியே ஊடுருவித் தோலில் பெரிய கொப்புளங்களை உண்டாக்கும், கண்களைப் புண்ணாக்கும். இவையெல்லாம் சில மணி நேரம் கழித்தே தெரியவரும். மண்ணில் பல நாட்கள் தங்கி, பிறகு அவ்வழியே நடப்பவனையும் தாக்கும்.

போர் 1918 நவம்பரில் முடிந்தபோது கணக்குப் பார்த்தனர். வாயுவால் இறந்தோர் சுமார் 90,000 பேர். பாதிக்கப்பட்டோர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒரு காப்பு, ஒவ்வொரு காப்புக்கும் ஒரு புது நஞ்சு என்று போட்டி நீண்டதே தவிர, ஹேபர் சொன்னபடி போர் விரைவில் முடியவில்லை.

ஜெனீவாவின் தடையும் அதன் குறைகளும்

1925 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மூச்சை அடைக்கும் வாயுக்களையும் நச்சு வாயுக்களையும் அவை போன்ற எல்லாத் திரவங்களையும் பொருள்களையும், நோய்க்கிருமிகளையும் போரில் பயன்படுத்தக் கூடாது என்றது அது. இம்முறை கருவியின் பெயரைச் சொல்லவில்லை. எறிந்தாலும் திறந்தாலும் தெளித்தாலும் தடைதான்.

ஆயினும் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, பயன்படுத்துவதுதான் தடை. தயாரிப்பதும் சேர்த்து வைப்பதும் தடையில்லை. பல நாடுகள், "எங்கள்மீது வீசினால் நாங்களும் வீசுவோம்" என்ற நிபந்தனையோடுதான் கையொப்பமிட்டன. இரண்டாவது, அது நாடுகளுக்கிடையே நடக்கும் போரைப் பற்றிய ஒப்பந்தம்; ஓர் அரசு தன் மக்கள்மீதே வாயுவை ஏவினால் என்ன செய்வது என்பதற்கு அதில் வழியில்லை. மூன்றாவது, மீறியவரைக் கண்டுபிடிக்கக் கண்காணிப்பாளர் யாரும் இல்லை.

1935-36-ல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றிருந்த இத்தாலி, விமானங்களிலிருந்து கடுகு வாயுவைப் பொழிந்தது. காலில் செருப்பும் இல்லாத சிப்பாய்களும் கிராம மக்களும் வெந்து துடித்தனர். பேரரசர் ஹைலி செலாசி 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவுக்கே வந்து சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டார். பயன் ஏதும் விளையவில்லை. சீனாவில் ஜப்பானியப் படைகளும் 1937 முதல் நச்சு வாயுவைப் பயன்படுத்தின. திருப்பி அடிக்கும் வலிமையற்ற மக்கள்மீதே வாயு ஏவப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சிமருந்தும் புற்றுநோய் மருந்தும்

1936 டிசம்பரில் ஜெர்மன் வேதியியலார் கெர்ஹார்ட் ஷ்ரேடர், பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் மருந்து தேடிப் பாஸ்பரஸ் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று சிந்தியபோது அவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் கண்பாவை சுருங்கிப் பார்வை மங்கியது, மூச்சு திணறியது. அப்பொருள் பிறகு 'டாபுன்' எனப் பெயர் பெற்றது. 1938-ல் அதனினும் கொடிய 'சாரின்' வந்தது.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், வேலை முடிந்ததும் ஒரு நொதியால் சிதைக்கப்பட வேண்டும். இந்நஞ்சுகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. கட்டளை ஓயாமல் தொடர்வதால் தசைகள் துடித்துப் பின் செயலற்றுப் போகின்றன, மூச்சு நிற்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பூச்சிமருந்து நஞ்சேறி வருபவர்களுக்கு 'அட்ரோபின்' ஊசி போடுவார்கள். நரம்பு வாயுவுக்கும் அதே ஊசிதான் முதலுதவி. பூச்சிமருந்தும் நரம்பு வாயுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியிடம் ஆயிரக்கணக்கான டன் டாபுன் இருந்தும் போர்க்களத்தில் அதை வீசவில்லை. எதிரிகளும் பதிலுக்கு வீசுவார்கள் என்ற அச்சமே முக்கியக் காரணம். ஆனால் திருப்பி அடிக்க இயலாத யூத மக்களை வதைமுகாம்களில் அடைத்து, 'சைக்ளோன் பி' என்ற பூச்சிக்கொல்லி வாயுவால் லட்சக்கணக்கில் கொன்றார்கள். ஹைட்ரஜன் சயனைடைக் கொண்டு மூட்டைப்பூச்சிகளையும் கிடங்குப் பூச்சிகளையும் அழிக்கும் முறைகளை வளர்த்ததில் ஹேபரின் நிலையத்திற்கும் பங்குண்டு. ஹேபர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-ல் நாஜி ஆட்சியில் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறி, 1934-ல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார். அவருடைய உறவினர் சிலரும் அந்த முகாம்களில் மாண்டனர்.

இதே போரில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. கடுகு வாயுவுக்கு ஆளானவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதை மருத்துவர்கள் கவனித்தனர். அப்படியானால், வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகும் புற்றுநோயை இதைக்கொண்டு அடக்கலாமே! 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் ஆகிய மருத்துவ அறிஞர்கள் கடுகு வாயுவின் உறவுப் பொருளான நைட்ரஜன் கடுகை ஒரு நோயாளிக்குச் செலுத்தினர். கட்டிகள் சில காலம் கரைந்தன. 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில், இரகசியமாகக் கடுகு வாயுக் குண்டுகளை ஏற்றி வந்த அமெரிக்கக் கப்பல் ஜெர்மன் விமானத் தாக்குதலில் வெடித்தது. இரகசியம் காக்கப்பட்டதால் மருத்துவர்களுக்கே நோயின் காரணம் தெரியவில்லை; உடனே கழுவியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பலர் இறந்தனர். அங்கே விசாரணை செய்த மருத்துவ அதிகாரி ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் கண்டதும் அதே வெள்ளணுக் குறைவுதான். இன்று புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துச் சிகிச்சை இவ்வழியில்தான் தொடங்கியது.

ஹலப்ஜா

1980 முதல் 1988 வரை ஈராக்குக்கும் ஈரானுக்கும் போர் நடந்தது. ஈராக் 1931 முதலே ஜெனீவா உடன்படிக்கையை ஏற்ற நாடு. ஆனாலும் அது கடுகு வாயுவையும் டாபுனையும் பயன்படுத்தியதை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் 1984-ல் உறுதி செய்தனர். அவற்றைச் செய்யத் தேவையான மூலப்பொருள்களும் கருவிகளும் பல நாடுகளின் வணிக நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கப்பட்டவை. அந்தப் பொருள்களுக்குச் சாயம், மை, பூச்சிமருந்து என்று நியாயமான பயன்களும் இருந்தன.

1988 மார்ச் 16 அன்று ஈராக் விமானங்கள் தன் எல்லைக்குள்ளேயே இருந்த குர்து மக்களின் ஹலப்ஜா நகர்மீது வாயுக் குண்டுகளைப் பொழிந்தன. 3,000 முதல் 5,000 பேர் வரை மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. குழந்தையை அணைத்தபடியே வாசற்படியில் விழுந்து கிடந்தவர்களின் படங்களை உலகம் கண்டது. 1925ஆம் ஆண்டுத் தடையில் இருந்த மூன்று குறைகளும் ஒரே நாளில் கண்முன் தெரிந்தன.

எண்ணமும் கணக்கும்

பல ஆண்டுப் பேச்சுகளுக்குப் பின், 1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 193 நாடுகள் இதில் உறுப்பினர். தயாரித்தல், சேர்த்து வைத்தல், பிறருக்குத் தருதல், பயன்படுத்தல் ஆகிய அனைத்தையும் இது தடுக்கிறது. இருப்பதை அழிக்கவும் சொல்கிறது. கண்காணிக்க ஹேக் நகரில் ஓர் அமைப்பும் உண்டு. அவ்வமைப்பு 2013-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

இவ்வொப்பந்தத்தில் மிக நுட்பமான பகுதி 'இரசாயன ஆயுதம்' என்பதற்கு அது தரும் வரையறைதான். இன்னின்ன பொருள் ஆயுதம் என்று பட்டியலிட்டு அது நின்றுவிடவில்லை. தடை செய்யப்படாத நோக்கத்திற்காக அன்றி வைத்திருக்கும் எந்த நச்சுப் பொருளும் ஆயுதமே என்கிறது. குடிநீருக்கு வைத்திருக்கும் குளோரின் ஆயுதமல்ல. அதே குளோரினைக் குண்டில் அடைத்தால் ஆயுதம்.

நோக்கத்தை எப்படிக் கண்டறிவது? மனிதனின் எண்ணத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லையே! அதற்கும் ஒப்பந்தம் வழி சொல்கிறது. பொருளின் வகையும் அளவும் சொல்லப்படும் நோக்கத்திற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணத்தை அளக்க முடியாவிட்டாலும் கிடங்கின் கணக்கைச் சரிபார்க்கலாம் அல்லவா? பாஸ்ஜீன் போன்ற பொருள்களை ஆக்கும் தொழிற்சாலைகள் ஒப்பந்தப்படி உற்பத்திக் கணக்குக் காட்டுகின்றன. ஆய்வாளர்களும் நேரில் வந்து பார்க்கின்றனர்.

பாஸ்ஜீனை அடியோடு தடை செய்ய முடியாது. பிளாஸ்டிக்கும் மருந்துகளும் செய்ய அது வேண்டியிருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட்டும் பாஸ்ஜீனைக் கொண்டு செய்யப்பட்டதே. அது போரன்று, விபத்து. ஆயினும், போருக்கு வெளியேயும் இப்பொருள்களின் அளவையும் காவலையும் கேட்டறியும் உரிமை மக்களுக்கு வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

1997-ல் இந்தியாவும் தன்னிடம் கடுகு வாயு இருப்பதை அறிவித்து, 2009-ல் அதனை முற்றிலும் அழித்து முடித்தது. ரஷ்யா 2017-லும் அமெரிக்கா 2023 ஜூலை 7 அன்றும் அழிப்புப் பணியை முடித்தன. உறுப்பு நாடுகள் அறிவித்த இருப்பான 72,000 டன்னுக்கும் மேற்பட்ட நஞ்சு, உயர்ந்த வெப்பத்தில் எரித்தும், வெந்நீராலும் காரக் கரைசலாலும் சிதைத்தும் ஒழிக்கப்பட்டது. பேரழிவு ஆயுதங்களில் ஒரு முழு வகை இவ்வாறு கணக்குப் பார்த்து அழிக்கப்பட்டது வரலாற்றில் இதுவே முதல்முறை. நோய்க்கிருமி ஆயுதங்களைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்கு இத்தகைய கண்காணிப்பு அமைப்பு இல்லை. அணுகுண்டுகளை முழுதும் தடை செய்யும் ஒப்பந்தம் 2021-ல் நடைமுறைக்கு வந்தும், அணுகுண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் சேரவில்லை.

மீண்டும் குளோரின்

கதை இங்கே முடிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சிரியா நாட்டு உள்நாட்டுப் போரில் 2013 ஆகஸ்டில் சாரின் வீசப்பட்டது. அதன்பின் சிரியா ஒப்பந்தத்தில் சேர்ந்து தன் இருப்பு என்று அறிவித்ததை ஒப்படைத்தது. மறு ஆண்டே அங்குள்ள கிராமங்கள்மீது ஹெலிகாப்டர்களிலிருந்து பீப்பாய்கள் விழுந்தன. உள்ளே இருந்தது குளோரின்! ஈப்பர் தாக்குதலுக்குப் பின் 99 ஆண்டுகள் கழித்து அதே வாயு.

ஆனால் 1915-க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை, "குளோரின் பட்டியலில் இல்லையே" என்று யாரும் தப்பிக்க முடியவில்லை. ஆய்வாளர்கள் சாட்சிகளை விசாரித்தனர். பீப்பாய்த் துண்டுகளை ஆராய்ந்தனர். தல்மனெஸ் என்ற ஊரில் 2014 ஏப்ரலில் அதை வீசியது அரசுப் படையே என்று 2016-ல் பெயர் சொல்லி அறிக்கை தந்தனர். தண்டனை கிடைப்பது வேறு விஷயம். குற்றத்தைக் குற்றம் என்று சொல்லும் மொழியாவது உலகிற்குக் கிடைத்துவிட்டது.

ஈப்பர் நகரைச் சுற்றியுள்ள வயல்களை உழும்போது முதல் உலகப்போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் கலப்பையில் தட்டுப்படுகின்றன. உழவர்கள் அவற்றை வரப்போரம் எடுத்து வைக்கிறார்கள். பெல்ஜிய இராணுவத்தார் வந்து எடுத்துச் செல்கிறார்கள். நச்சு வாயு அடங்கியவற்றைப் பிரித்து அழிக்கும் நிலையம் பூல்கப்பெல் என்ற ஊரின் அருகே உள்ளது. 1915 ஏப்ரல் 22 மாலையில் சிலிண்டர்கள் திறக்கப்பட்ட வரிசையும் அவ்வூரை ஒட்டியதே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே வேலை தீர்ந்தபாடில்லை.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் குளோரின் தயாரிக்கும்போது ஆசிரியர் சன்னலைத் திறந்துவைக்கச் சொல்வார். வாயு ஜாடியில் நிறைவதைப் பார்த்ததும், "இதன் பண்புகள் யாவை? பயன்கள் யாவை?" என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்த இரண்டு கேள்விகளோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது: "இது யாரிடம், எவ்வளவு, எதற்காக இருக்கிறது?" ஒப்பந்தத்தின் ஆய்வாளர்கள் கேட்பதும் அதே கேள்விதான். 1915-ல் வேதியியல் கற்ற பலர் அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.